முதலில் ஊசி, பிறகு பதிவு

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு, எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் நெஞ்சுவலியுடன் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். இ.சி.ஜி.யில் மாற்றங்கள் தெரிந்தன. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்தோம். க்ளோபிடோக்ரெல் மாத்திரைகள் கொடுத்தோம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்சாபரின் ஊசியை 60 மி.கி. அளவில் வயிற்றுத் தோலுக்கு அடியில் செலுத்தினோம். அப்போது இரவு மணி 11.40. வலி தணிந்ததும் அவரை இதய தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினோம். மருத்துவர் கணினியின் முன் அமர்ந்து மருந்து உத்தரவுகளைப் பதிவு செய்தபோது மணி 12.50 ஆகியிருந்தது.

காலை 6 மணிக்குச் செவிலியர் அதே ஊசியுடன் படுக்கையருகே வந்தார். அவர்மீது பிழை ஏதுமில்லை. நாளைக்கு இருமுறை என்று உத்தரவிடப்படும் எந்த மருந்தையும் காலை 6 மணி, மாலை 6 மணி என்றே எங்கள் கணினி தானாகப் பிரித்துக்கொள்ளும். அது காட்டிய நேரத்தை அவர் பின்பற்றினார். தந்தையின் அருகில் விழித்திருந்த மகள்தான் கேட்டார்: "சிஸ்டர், நேத்து ராத்திரியே அப்பாவுக்கு வயித்துல இந்த ஊசி போட்டாங்களே, மறுபடியுமா?"

செவிலியர் ஊசியை வைத்துவிட்டு எங்களை அழைத்தார். பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் போடவேண்டிய மருந்து ஆறரை மணி நேரத்திற்குள் இரண்டாம் முறை செலுத்தப்பட இருந்தது. அதோடு முடியவில்லை. காலை 8.30 மணிக்கு மருந்தாளுநர் அந்தப் பெரியவரின் இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தார். அவருடைய சிறுநீரகங்கள் இயங்கும் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. அத்தகையவர்களுக்கு எனாக்சாபரினைப் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை அல்ல, இருபத்து நான்கு மணிக்கு ஒருமுறைதான் தரவேண்டும். இல்லையெனில் மருந்து உடலில் தேங்கி இரத்தக்கசிவு ஏற்படலாம். பெரியவர் நலமாக வீடு திரும்பினார். ஆயினும் அந்தக் காலைப்பொழுது எங்களை உறுத்திக்கொண்டே இருந்தது. முதல் ஊசி சரியான ஊசி, சரியான அளவு, சரியான நேரம். குறை இருந்தது அதை நாங்கள் எழுதிவைத்த முறையில்.

அந்த முறையைப் பற்றி நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிந்திருப்பது நல்லது என்று கருதியே இதை எழுதுகிறோம்.

மருந்தாளுநரின் மேசையைக் கடக்கும் வழி

சாதாரண நாளில் ஒரு மருந்து உங்கள் படுக்கையை வந்தடைவதற்கு முன் மூவரின் கண்களைக் கடக்கிறது. மருத்துவர் கணினியில் உத்தரவிடுகிறார். மருந்தாளுநர் அதைப் பரிசீலிக்கிறார். செவிலியர் பெயரையும் மணிக்கட்டுப் பட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறார். இம்மூன்றில் நடுவில் உள்ளது பொதுமக்களின் கண்ணில் படுவதே இல்லை. மருந்தாளுநர் என்றால் சன்னலுக்குப் பின்னால் நின்று மாத்திரை எண்ணித் தருபவர் என்ற எண்ணம் இன்றும் இருக்கிறது. நம் நாட்டில் பார்ம்.டி. என்னும் ஆறாண்டுப் படிப்பு 2008இல் தொடங்கப்பட்ட பின், நோயாளியின் படுக்கை வரை வந்து மருந்துகளை ஆராயும் மருந்தாளுநர்கள் உருவாகியிருக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது இதுதான்: இந்த எடைக்கு இந்த அளவு பொருந்துமா, சிறுநீரகமும் கல்லீரலும் இதைத் தாங்குமா, ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்தோடு மோதுமா, ஒவ்வாமை உண்டா, ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயர்களில் இருமுறை எழுதப்பட்டிருக்கிறதா.

இத்தனையையும் பார்க்க அவகாசம் வேண்டும். சில வேளைகளில் அந்த அவகாசம் இல்லை. இதயம் நின்றுவிட்டால் மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை அட்ரினலின் 1 மி.கி. செலுத்தியாக வேண்டும். கடுமையான ஒவ்வாமையில் மூச்சு அடைக்கும்போது தொடையின் தசையில் அரை மி.கி. அட்ரினலின் உடனே போடவேண்டும்; ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மீண்டும் போடவேண்டும். வலிப்பு நிற்காத குழந்தைக்கும், இரத்தச் சர்க்கரை விழுந்து நினைவிழந்தவருக்கும் இதே நிலைதான். இவர்களுடைய மருந்தைக் கணினியில் பதிந்து, மருந்தகத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருப்பது மருத்துவம் ஆகாது.

உலகெங்கும் இதற்கு விதிவிலக்கு உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் அமைப்பு, மருந்தாளுநர் பார்த்த பின்னரே மருந்து தரப்படவேண்டும் என்று கூறுகிறது. ஆனால் தாமதம் நோயாளிக்குத் தீங்கு விளைவிக்குமானால் அது தேவையில்லை என்றும் கூறுகிறது. மருத்துவரே அருகில் நின்று மருந்தைக் கையாளும் இடங்களையும் அது விலக்கிவைக்கிறது. நம் நாட்டின் மருத்துவமனைத் தர வாரியமான என்.ஏ.பி.எச்., வாய்மொழியாக உத்தரவிடப்படும் மருந்துகளுக்கு ஒவ்வொரு மருத்துவமனையும் எழுத்து வடிவில் நெறிமுறை வைத்திருக்கவேண்டும் என்கிறது. விதிவிலக்கு இருப்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. விதிவிலக்கின்கீழ் கொடுக்கப்பட்ட மருந்து பிறகு எப்படிக் கணக்கில் ஏறுகிறது என்பதில்தான் சிக்கல்.

எண்ணப்படும் காலிக் குப்பிகள்

பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் என வயல் சூழ்ந்த கொம்யூன்களிலிருந்து எங்களிடம் வரும் நோயாளிகளில், பூச்சிக்கொல்லி உட்கொண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆர்கனோபாஸ்பரஸ் வகை நஞ்சுக்கு அட்ரோபின் கொடுக்கவேண்டும். நுரையீரலில் நீர் வற்றும் வரை, ஏறத்தாழ ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை முந்தைய அளவை இரட்டித்துக்கொண்டே போகவேண்டும். நாங்கள் பயன்படுத்தும் குப்பி ஒவ்வொன்றிலும் இருப்பது 0.6 மி.கி. மட்டுமே. மூன்று, ஆறு, பன்னிரண்டு என்று உடைத்துக்கொண்டே போனால், ஒரு மணி நேரத்திற்குள் எத்தனை குப்பி என்பது யார் நினைவிலும் நிற்காது. நஞ்சு முறிந்த பிறகு அட்ரோபினின் அளவு மிகுந்துவிட்டால் நோயாளி பிதற்றத் தொடங்குவார், உடல் கொதிக்கும். எனவே எண்ணிக்கை முக்கியம்.

இதற்கு எங்கள் வழி பழைய வழிதான். உடைத்த குப்பிகளை யாரும் வீசுவதில்லை. எல்லாம் ஒரு தட்டில் சேரும். நிலைமை அடங்கியதும் இருவர் சேர்ந்து அவற்றை எண்ணி, எழுதியதோடு ஒப்பிடுவார்கள். உறவினர்கள் சிலர் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு, சுத்தம் செய்யாமல் போட்டு வைத்திருக்கிறார்களே என்று முகம் சுளித்ததுண்டு. அது குப்பை அன்று, கணக்கு.

எழுதுவதற்கென்றே ஒருவர் நிறுத்தப்படுவார். அவர் மருந்தைத் தொடமாட்டார், மார்பை அழுத்தமாட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், எழுதுவார். முன்பெல்லாம் கையுறையின் பின்புறத்திலும், கையில் ஒட்டிய பிளாஸ்திரியிலும் எழுதிக்கொண்டு பின்னர் கேஸ் ஷீட்டில் ஏற்றிய காலம் உண்டு. கையுறையைக் கழற்றி எறிந்ததோடு கணக்கும் போயிற்று என்று வருந்தியவர்கள் எங்களில் இருக்கிறோம்.

மருத்துவர் சொல்லும் மருந்தைச் செவிலியர் உரக்கத் திருப்பிச் சொல்வார். மருத்துவர் ஆம் என்ற பிறகே மருந்து உள்ளே போகும். டோபமின், டோபியூட்டமின் இரண்டும் ஒலியில் நெருங்கியவை, செயலில் வேறானவை. ஆங்கிலத்தில் பிப்டீன், பிப்டி என்பனவும் இரைச்சலில் ஒன்றாகக் கேட்கும். அதனால் ஒன்று-ஐந்து, ஐந்து-பூச்சியம் என இலக்கம் இலக்கமாகச் சொல்லப் பழகியிருக்கிறோம். சிகிச்சை நடக்கும்போது உள்ளே இருந்து உரத்த குரல்கள் கேட்டால் சண்டை என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் இந்தத் திருப்பிச் சொல்லல்தான் அது.

இரண்டு நேரங்கள்

காகிதத்தில் எழுதிய நாளில், மருந்து கொடுத்த நேரத்தை நாமே எழுதினோம். கணினி வேறு விதம். நாம் விசையை அழுத்தும் நேரத்தை அது தன் நேரமாகக் குறித்துக்கொள்ளும். 11.40க்குப் போட்ட ஊசியை 12.50க்குப் பதிந்தால், மாற்றிச் சொல்லாதவரை அது 12.50 என்றே நிற்கும். ஆகவே அவசர மருந்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு நேரங்கள் பதிவாகவேண்டும்: செலுத்திய நேரம், பதிந்த நேரம். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரம் இருப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் உயிரைக் காத்துக்கொண்டிருந்தோம். ஒளித்தால்தான் அது பிழையாகும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. ஏற்கெனவே கொடுத்துவிட்ட மருந்தை மருத்துவர் பின்னர் கணினியில் உத்தரவாகப் பதியும்போது, கணினி அதைப் புதிய உத்தரவு என்றே எண்ணுகிறது. மருந்தகத்தின் திரையில் அது எழுகிறது. மருந்தாளுநர் நல்லெண்ணத்துடன் ஒப்புதல் தருகிறார். மருந்து வார்டுக்கு வருகிறது. வார்டுச் செவிலியரின் திரையில் 'கொடுக்கப்படவேண்டியது' என்று சிவப்பில் தெரிகிறது. பணிநேரம் மாறி வந்த அவருக்கு, கீழ்த்தளத்தில் அது கொடுக்கப்பட்டாயிற்று என்பது எப்படித் தெரியும்? ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் சரியாகச் செய்ய, நோயாளிக்கு இரண்டு வேளை மருந்து சேர்ந்துவிடுகிறது. கண்காணிப்புக்கென்று நாம் கட்டிய அமைப்பே இரட்டை மருந்துக்கு வழி திறக்கிறது.

அந்தப் பெரியவரின் நிகழ்வுக்குப் பிறகு எங்கள் பிரிவில் ஒரு மாற்றம் செய்தோம். அவசரத்தில் கொடுக்கப்பட்ட மருந்து, 'ஒருமுறை மட்டும், கொடுத்தாயிற்று' என்ற தனி வகையில் முதலில் பதியப்படவேண்டும். மருந்தாளுநரின் பார்வைக்கு முன் ஏன் கொடுக்கப்பட்டது என்ற காரணமும், வாய்மொழியாக உத்தரவிட்டவர், செலுத்தியவர் ஆகிய இருவரின் பெயர்களும் அதில் இருக்கும். அதை முடித்த பிறகே, தொடர்ந்து கொடுப்பதற்கான உத்தரவை எழுத முடியும். அடுத்த வேளை எப்போது என்பது கணினியின் வழக்கமான 6 மணியிலிருந்து அன்றி, முதல் ஊசியின் உண்மை நேரத்திலிருந்து கணக்கிடப்படும். உத்தரவிட்ட மருத்துவர் பின்னர் கையொப்பமிடுவார். மருந்தாளுநர் பிற்பார்வை இடுவார்.

பிற்பார்வையால் என்ன பயன், மருந்துதான் உள்ளே போய்விட்டதே என்று எங்கள் இளம் மருத்துவர்களே கேட்பதுண்டு. பெரியவரின் சிறுநீரகக் குறைபாடு அந்தப் பிற்பார்வையில்தான் வெளிப்பட்டது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவோம். போன மருந்தைத் திரும்பப் பெற இயலாது. அடுத்த வேளையை நிறுத்தலாம், குறைக்கலாம், இன்ன விளைவு வருகிறதா என்று பார்த்திருக்கலாம்.

தவறாகப் பதிந்ததைத் திருத்தினாலும் கணினி முதல் பதிவை அழிப்பதில்லை. இரண்டும் நிற்கும், யார் எப்போது திருத்தினார் என்பதும் நிற்கும். அழகான பதிவேட்டைவிட, 'தாமதமாகப் பதியப்பட்டது' என்று ஆங்காங்கே கறை படிந்த பதிவேட்டையே நாங்கள் நம்புகிறோம். அவசர சிகிச்சைப் பிரிவில் எல்லா நேரங்களும் சரியாக ஐந்தின் மடங்காக இருந்தால் எங்களுக்கு ஐயம் வரும்.

கணினியே இல்லாத நாளும் உண்டு. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இக்கரையைக் கடந்தபோதும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து நகரை வெள்ளக்காடாக்கியபோதும் மின்சாரத்தை நம்ப இயலவில்லை. ஆகையால் காகிதப் படிவங்களை இன்றும் அவசர மருந்து வண்டியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறோம்.

உங்கள் பையில் இருப்பவை

அவசரத்தில் மருந்தாளுநர் அருகில் இல்லாதபோது அவருடைய கேள்விகளில் பாதிக்கு விடை உங்களிடம் இருக்கிறது. என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார், எதற்கு ஒவ்வாமை, கடைசியாக எப்போது என்ன கொடுத்தீர்கள் என்பவை அவை. 'ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு சின்ன ரோஸ் மாத்திரை' என்ற விடையை நாங்கள் நாள்தோறும் கேட்கிறோம். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டு வருவதைவிட, பெயர் தெரியும் அட்டையோடு அப்படியே பையில் போட்டு எடுத்து வாருங்கள். சித்த மருந்து, நாட்டு மருந்து எதுவாயினும் மறைக்கவேண்டாம், நாங்கள் கோபித்துக்கொள்ளமாட்டோம்.

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமையும் ஓய்வூதியமும் பெறும் குடும்பங்கள் இங்கு பல. பாரீசிலிருந்தோ ரெயூனியனிலிருந்தோ விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பெற்றோருக்கு மருந்து கொண்டுவருகிறார்கள். அந்தப் பெட்டிகளின் மேலுள்ள பெயர் நள்ளிரவில் எங்கள் இளம் மருத்துவருக்குப் புரியாமல் போகலாம். டோலிப்ரான் என்பது நம் பாராசிட்டமால்தான். கார்தெஜிக் என்பது ஆஸ்பிரினின் ஒரு வடிவம். பிரெவிஸ்கான் என்ற மாத்திரை இரத்தம் உறைவதைத் தடுப்பது. அதில் உள்ள ஃப்ளூயிண்டியோன் என்ற மருந்தை இந்தியாவில் நாங்கள் எழுதுவதே இல்லை. அதை உட்கொள்பவருக்கு, தெரியாமல் எனாக்சாபரினையும் போட்டால் என்ன ஆகும் என்று விளக்கவேண்டியதில்லை. வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் மூலப்பெயர் இருக்கும். அந்தப் பெட்டியையும், பிரெஞ்சு மருத்துவர் எழுதிய ஒர்தொனான்சையும் தவறாமல் கொண்டு வாருங்கள்.

வீட்டில் கொடுத்ததையும், காத்திருக்கும்போது கொடுத்ததையும் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு நாங்கள் 1 கிராம் பாராசிட்டமாலை டிரிப்ஸ் வழியாக ஏற்றிக்கொண்டிருக்கையில், உடம்பு சுடுகிறதே என்று கைப்பையிலிருந்து ஒரு டோலோ மாத்திரையை அன்போடு கொடுத்த அம்மாக்கள் உண்டு. பெரியவர்களுக்கே ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் கூடாது; மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அதனினும் குறைவு. மருத்துவமனைக்குள் நுழைந்த பிறகு எந்த மாத்திரையையும் எங்களிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். நீங்கள் கொடுத்தது எங்கள் கணினியில் ஏறாது.

வேறு மருத்துவமனையில் முதலுதவி பெற்று வருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காரைக்காலிலிருந்து சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாக ஏறத்தாழ 130 கி.மீ. பயணம் செய்து புதுச்சேரிக்கு வருகிறார்கள். வழியில் இரண்டு இடங்களில் மருந்து கொடுக்கப்பட்டிருக்கலாம். அனுப்பும் கடிதத்தில் மருந்தின் பெயர் இருக்கும், பல வேளைகளில் நேரம் இராது. அங்கிருந்து புறப்படும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'கடைசி ஊசி எது, எத்தனை மணிக்கு?' விடையைத் தாளில் எழுதி வாங்குங்கள்; இயலாவிட்டால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாம்தான் கணினியில் இருக்கிறதே என்று எண்ணவேண்டாம். தேசிய எண்ணிம சுகாதாரத் திட்டம் 2020 ஆகஸ்டு 15இல் அறிவிக்கப்பட்டபோது, சோதனை முறையில் முதலில் நடைமுறைக்கு வந்த ஆறு ஒன்றியப் பகுதிகளில் புதுச்சேரியும் ஒன்று. இப்போது ஆபா என்று அழைக்கப்படும் 14 இலக்க எண் உங்களில் பலரிடம் இருக்கிறது. ஆனால் எண் இருப்பதாலேயே ஒரு மருத்துவமனையின் பதிவு மற்றொன்றின் திரையில் தானாகத் தோன்றிவிடாது. இரு மருத்துவமனைகளும் அதில் இணைந்திருக்கவேண்டும்; உங்கள் ஒப்புதலும் வேண்டும். நள்ளிரவு 2 மணிக்கு நினைவிழந்து கிடப்பவரிடம் யார் ஒப்புதல் கேட்பது? ஆகவே எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள், மஞ்சள் பையில் தாளையும் வைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கையருகே இருக்கும்போது, இது என்ன மருந்து, இதற்கு முன் எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். செவிலியரின் வேலையில் குறுக்கிடுகிறோமோ என்ற அச்சம் பலருக்கு. அந்த மகள் கேட்டிராவிட்டால் இந்தக் கட்டுரையை வேறு விதமாக எழுதவேண்டியிருந்திருக்கும். இதயம் நின்று சிகிச்சை நடக்கும் நேரத்தில் மட்டும் பொறுத்திருங்கள், எழுதிக்கொண்டிருப்பவரை அழைக்காதீர்கள். எல்லாம் முடிந்தபின் மருத்துவர் வெளியே வந்து, என்னென்ன கொடுத்தோம் என்று சொல்வார். சொல்லாமல் சென்றால் கேளுங்கள்.

வீடு திரும்பும்போது தரப்படும் சுருக்கத்தில் 'அவசர சிகிச்சைப் பிரிவில் அளிக்கப்பட்டவை' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் மருந்தின் பெயர், அளவு, செலுத்திய நேரம் மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முழுமையான பதிவேட்டின் நகல் வேண்டுமானால் எழுத்து மூலம் கேளுங்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி 72 மணி நேரத்திற்குள் தரப்படவேண்டும். வீட்டுக்குச் சென்ற பிறகு ஏதேனும் மருந்தால் தடிப்போ வேறு பக்கவிளைவோ ஏற்பட்டால் எங்களிடம் வாருங்கள். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணான 1800-180-3024க்கும் நீங்களே தெரிவிக்கலாம். எந்த மருந்து, எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்று அங்கும் கேட்பார்கள். சுருக்கத்தாளை அருகில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.